தேரிக்காட்டுக் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் என்றவுடனே பலருடைய மனக்கண்ணில் முதலில் வந்து நிற்பது பனிதான். வாழ்த்து அட்டைகளைப் பாருங்கள்: பனி மூடிய கூரை, பனி சுமந்த ஊசியிலை மரம், பனியின் மேல் வழுக்கிச் செல்லும் வண்டி. குளிர்நாட்டார் தங்கள் நாட்டுக்கு ஏற்றபடி அந்தப் பண்டிகையைப் பார்த்துக்கொண்டார்கள். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணல் மேடுகளுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே பிறந்த எங்களுக்கு, அந்த அட்டைகள் பெரும் புதிராகவே இருந்தன. கொழும்பிலிருந்து என் தகப்பனார் அனுப்பிய அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் தம்பி வெகுநேரம் பார்த்தான். பிறகு, "இந்த ஊரிலே உப்பு நல்லா விளையுது" என்றான். தூத்துக்குடிக்குப் போகும் வழியில் அவன் கண்டிருந்த வெள்ளைக் குவியல்கள் உப்பளத்துக் குவியல்களே. வேறு எதைச் சொல்வான்?

எங்கள் ஊர் சாத்தான்குளம் வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கே மண் சிவப்பு. காய்ந்த மிளகாயைப் பொடித்துக் கொட்டியது போன்ற சிவப்பு. ஆடி மாதத்துக் காற்றிலே மணல்மேடுகள் இடம் மாறும். அதைத்தான் தேரி என்கிறோம். அந்த மண்ணில் வேரூன்றி நிற்கக்கூடிய மரம் பனை ஒன்றே. கிறிஸ்தவ சமயம் அந்தப் பனங்காட்டுக்குள்ளே நுழைந்தது இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட செய்தி. பாளையங்கோட்டையிலே குளோரிந்தா அம்மையார் கட்டிய சிறு ஆலயம் 1785ஆம் ஆண்டினது. 1799இல் தேரியின் நடுவே முதலூர் என்னும் ஊர் உண்டாயிற்று. புதிதாகச் சமயம் தழுவியவர்களுக்கென்று முதன்முதலில் ஏற்பட்ட ஊராதலின் அதற்கு அந்தப் பெயர். பிறகு நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று ஊர்கள் பெருகின. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி உயரம். பனையைத் தவிர வேறு உயரம் அறியாத கண்களுக்கு அது எத்தகைய வியப்பாக இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். இடையன்குடியிலே கால்டுவெல் ஐயர் தம் ஆலயத்தைக் கட்டி முடிக்க 1847 முதல் 1880 வரை 33 ஆண்டுகள் பிடித்தன. எங்கள் ஊர் ஆலயத்துக்கு இத்தகைய சரித்திரம் ஒன்றும் இல்லை. ஓடு வேய்ந்த கட்டடம், ஒரு மணி, நெசவுப் பாய் விரித்த தரை. நாற்காலி ஐயரவர்களுக்கு ஒன்று, உபதேசியாருக்கு ஒன்று.

பண்டிகையைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு பொருளாதாரச் செய்தியைச் சொல்லியாகவேண்டும். பனையேறிகளின் ஊருக்கு டிசம்பர் மாதம் வறண்ட மாதம். பதநீர் சுரப்பது மாசிக்குப் பிறகு. ஆவணியோடு அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் வழுக்கும், ஏறுவோர் இல்லை. ஆகையால் வருமானம் அறவே நின்ற காலத்தில்தான் எங்கள் ஆண்டவர் பிறப்பார். கோடையிலே காய்ச்சிப் பரணில் அடுக்கி வைத்த கருப்பட்டிதான் அப்போது கைப்பணம். மழைக்காலத்தில் அதற்கு விலை ஏறும். ஆச்சி பரணிலிருந்து ஓலைக்கொட்டான்களை ஒவ்வொன்றாக இறக்கி, விரலால் தட்டிப் பார்த்து, "இது பண்டியலுக்கு, இது தையல்காரனுக்கு, இது கோயில் காணிக்கைக்கு" என்று பிரித்து வைப்பார். அந்தப் பங்கீட்டில் யாரும் தலையிடுவதில்லை. நிதியமைச்சர்கள் பலருடைய வரவு செலவுத் திட்டங்களைப் பிற்காலத்தில் படித்திருக்கிறேன். ஆச்சியின் திட்டத்தில் பற்றாக்குறை விழுந்ததில்லை.

ஆயினும் கருப்பட்டி மட்டும் பண்டிகையை நடத்திவிடவில்லை. கொழும்புப் பணம் என்று ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆண்மகன் இலங்கையில் இருப்பான். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியாக, கணக்கப்பிள்ளையாக, கொழும்பிலே மொத்த வியாபாரக் கடையில் சிப்பந்தியாக எத்தனையோ பேர். எங்கள் பக்கத்துப் பெயர்பெற்ற மஸ்கோத் அல்வாவும் அந்தத் தொடர்பில் வந்து சேர்ந்த பண்டமே. தேங்காய்ப் பாலை வற்ற வற்றக் கிண்டிச் செய்வது. என் தகப்பனார் கொழும்பில் ஒரு கடையிலே கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு வருவார். பொங்கல் கழிந்து திரும்புவார். என் பிள்ளைப் பிராயத்தில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லுக்கும் அப்பா என்ற சொல்லுக்கும் பொருள் வேறுபாடு மிகுதியாக இல்லை.

டிசம்பர் முதல் வாரத்திலேயே வீட்டில் சுண்ணாம்பு மணக்கத் தொடங்கிவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பை மொடாவில் நீற்றுவார்கள். அது கொதிப்பதைச் சுற்றி நின்று பார்ப்பது எங்களுக்கு ஒரு காட்சி. பனை மட்டையின் அடியை நசுக்கினால் நல்ல தூரிகை. வெள்ளையடித்த சுவரின் அடியிலே ஒரு முழத்துக்குக் காவிப்பட்டை. அது முடிந்ததும் தையல்காரர் வருவார். எங்கள் ஊருக்கென்று தையல்காரர் இல்லை. பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் பொறியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இறக்குவார். ஒரே துணியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சட்டை; மிஞ்சியதில் அக்காளுக்கு ரவிக்கை. ஆலயத்தில் எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. வளரும் பிள்ளைகள் என்று சொல்லி எல்லாவற்றையும் இரண்டு அங்குலம் கூட்டித் தைப்பார். அந்த இரண்டு அங்குலத்தை நிரப்பும் அளவுக்கு நாங்கள் வளர்வதற்குள் துணி நைந்துபோகும்.

பலகாரம் செய்வது தனியாகப் பேசவேண்டிய பொருள். முறுக்கும் அதிரசமும் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பக்கத்துச் சிறப்பு முந்திரிக்கொத்து. பெயரைக் கேட்டு முந்திரிப்பருப்பைத் தேடவேண்டா. அதில் அது கிடையாது. பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகிலே தேங்காயும் ஏலமும் கூட்டிப் பிசைந்து, சிறு உருண்டைகளாக உருட்டி, அரிசி மாவில் தோய்த்து எண்ணெயில் இடுவார்கள். மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு கொத்தாக மிதக்கும். பாகின் பதம் தவறினால் உருண்டை எண்ணெயில் கரைந்துபோகும். ஆதலால் அந்த நேரத்தில் அடுக்களைக்குள் பிள்ளைகளுக்கு இடமில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, எண்ணெயின் ஓசையைக் கொண்டே எத்தனையாவது ஈடு என்று எண்ணிக்கொண்டிருப்போம். சுட்ட பலகாரம் நேரே தகரப் பெட்டிக்குள் போய்விடும். முதல் தட்டு ஐயரவர்கள் வீட்டுக்கு. அடுத்தவை, தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு அனுப்பியவர்களின் வீடுகளுக்கு. அவர்கள் தட்டைக் கழுவிக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். அதில் ஒரு பிடி பயறோ, இரண்டு பனங்கிழங்கோ இருக்கும். வெறுந்தட்டைத் திருப்பித் தருவது மரியாதையாகாது என்பது இரு சாராரும் அறிந்த இலக்கணம்.

நட்சத்திரம் செய்வது ஆண்பிள்ளைகளின் பொறுப்பு. இந்நாளில் கடையில் வாங்கி மின்விளக்கைச் செருகிவிடுகிறார்கள். எங்களுக்குச் சட்டம் பனை ஈர்க்கு, கட்டுவது அகணி நார், ஒட்டுவது கஞ்சிப் பசை. ஐந்து முனையும் ஒத்து வருவது எளிதன்று. எங்கள் வீட்டு நட்சத்திரத்துக்கு எப்போதும் ஒரு கால் நீளமாகவே இருந்தது. உள்ளே சிறு சிம்னி விளக்கு. காற்றடித்தால் காகிதம் தீப்பற்றும் என்பதற்காக ஒரு பையன் காவலிருக்கவேண்டும். முற்றத்துப் பனையின் உச்சியில் அதைக் கட்ட, ஏறத் தெரிந்த ஓர் உறவினரை வேண்டிக்கொள்வோம். டிசம்பரில் அவர் ஏறும் ஒரே மரம் அதுதான். இருட்டிய பிறகு தேரிமேட்டில் நின்று பார்த்தால், சுற்றிலும் நாலைந்து ஊர்களின் நட்சத்திரங்கள் தெரியும். தாவீதின் ஊரைத் தேடி வந்த ஞானிகள் எங்கள் பக்கம் வந்திருந்தால், எந்த ஊருக்குள் நுழைவதென்று தெரியாமல் திகைத்திருப்பார்கள்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது கீதபவனி தொடங்கும். முன்னே பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதைத் தலையில் சுமப்பவர் பாடவேண்டியதில்லை. பிறகு ஆர்மோனியம், தாளம், ஒரு டோலக்கு. வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் கொண்டுவந்த பாமாலைகள் உண்டு. அவற்றை உபதேசியார் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார். ஆனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையை எடுத்துவிட்டால் புத்தகம் மூடப்படும். சாஸ்திரியார் 1774இல் எங்கள் திருநெல்வேலியிலே பிறந்தவர். சுவார்த்தையர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று, சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையிலே வளரவைத்தார். அந்தத் தஞ்சையின் இராகமும் தாளமும் பெத்லகேம் குறவஞ்சி என்ற நூலாயின. குறத்தி வந்து குறி சொல்லும் நாடகத்தில் கிறிஸ்துவை நாயகனாக வைக்கும் துணிவு அவருக்கு இருந்தது. அந்தப் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்த காரணத்தால், பெத்லகேம் என்பது தாமிரபரணிக்கு அப்பால் எங்கோ ஐந்தாறு மைலில் இருக்கிறது என்ற நினைப்பு எங்களுக்குள் இயல்பாக இருந்தது. பாடிய குழுவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் சுக்குக் கருப்பட்டிக் காப்பி. இருபது வீட்டுக் காப்பியையும் மறுக்காமல் குடித்த ஒருவரை ஊரில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவர் பாடியதாக யாருக்கும் நினைவில்லை.

அப்பா வருவது இந்த நாட்களுக்குள்தான். கொழும்புக் கோட்டையிலே புகைவண்டி ஏறி, இரவெல்லாம் பயணம் செய்து தலைமன்னார் சேர்வார். அங்கே கப்பல். இர்வின், கோஷன் என்னும் இரண்டு கப்பல்களின் பெயர்கள் எங்களுக்கு உறவினர் பெயர்களைப் போலப் பழகியவை. இரண்டு மணி நேரத்துக்குள் இக்கரை; தனுஷ்கோடி. கப்பலை விட்டு இறங்கியதும் சுங்கச் சோதனை. அது கழிந்தால் துறையின் அருகிலேயே புகைவண்டி நிற்கும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ஏற்பட்ட வழி இது. அதற்கு முன் எங்கள் தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்தே நேரே கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். தனுஷ்கோடியிலிருந்து மதுரை, அங்கிருந்து திருநெல்வேலி, பிறகு திருச்செந்தூர்க் கிளைப்பாதையில் நாசரேத். நாசரேத்து நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டியில் ஊருக்கு வருவார். யோசேப்பும் மரியாளும் நாசரேத்திலிருந்து புறப்பட்டு வந்தார்கள் என்று ஐயரவர்கள் படிக்கும்போது, எங்களுக்கு அதில் வியப்பொன்றும் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நாசரேத் வழியாகத்தானே வரவேண்டும்?

அவர் கொண்டுவரும் கறுப்புத் தகரப் பெட்டியைத் திறந்தவுடன் எழும் மணம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. தேயிலையும் சவர்க்காரமும் பாச்சை உருண்டையும் கலந்த மணம் அது. மலிபன் பிஸ்கட் தகரம் ஒன்று கட்டாயம் இருக்கும். ஆச்சிக்கு ஒரு சேலை. அம்மாவுக்கு ஒரு சேலை. ஆச்சியுடையதை முதலில் எடுத்துக் கொடுப்பார். ஆச்சி அதைக் கையில் வாங்கி, இழையைத் தடவிப் பார்த்து, "எதுக்குல இவ்வளவு விலைக்கு?" என்று கடிந்துகொள்வார். விலை என்னவென்று அப்பா சொன்னதேயில்லை. கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு அந்தக் கோடியை உடுத்து, மகனுக்குப் பின்னே நடந்து போவார் ஆச்சி. ஆண்டு முழுவதும் ஊரில் தலை குனியாமல் நடப்பதற்கு அந்த ஒரு நடை அவருக்குப் போதும்.

இனி 1964ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அப்போது பத்து வயது.

அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வது என்பது ஏற்பாடு. அது பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரைப் பற்றியது. ஆயினும் கடைச் சிப்பந்திகளிடையேயும் கலக்கம் இருந்தது. அவர்கள் தற்காலிக அனுமதிச் சீட்டின்மேல் அங்கே வாழ்பவர்கள். சீட்டைப் புதுப்பிப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டு வந்தது. அந்த நவம்பரில் வந்த அப்பாவின் கடிதங்களில் எங்களுக்கு விளங்காத சொற்கள் மிகுந்திருந்தன. அம்மா அவற்றைப் படித்து மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துவிடுவார். ஆயினும், "கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் எப்படியும் வந்துவிடுவேன்" என்று கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. எங்களுக்கு அந்த வரி போதும்.

டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அன்று பகலெல்லாம் வானம் மூடியிருந்தது. இரவில் பனையோலைகள் ஓயாமல் இரைந்தன. நட்சத்திரத்தை இறக்கி வைத்துவிட்டோம். எங்கள் ஊருக்கு அன்று நேர்ந்தது அவ்வளவே. மறுநாள் மாலை ஊராட்சி மன்றத்து வானொலிப் பெட்டியின் முன்னே வழக்கத்தைவிடக் கூட்டம் மிகுந்திருந்தது. எங்கள் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆகையால் பாட்டுக் கேட்கவே பலர் வருவார்கள். அன்று பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இராமேசுவரம் தீவில் பெரும் புயல்; கடல் உள்ளே புகுந்துவிட்டது; பாம்பன் பாலத்துக்குச் சேதம். தனுஷ்கோடி என்ற பெயர் காதில் விழுந்ததும் என் மாமா என் தோளைப் பிடித்தார். அவர் ஊர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியர், அம்மாவின் அண்ணன். வீடு வந்து சேரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

புகைவண்டியைப் பற்றிய செய்தி பிறகே தெரியவந்தது. தந்திக் கம்பிகள் அறுந்துபோனபடியால் உடனே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. 22ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னே பாம்பனை விட்டுப் புறப்பட்ட பயணி வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் தறுவாயில் அலையில் அகப்பட்டது; அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. துறைமுகம், நிலையம், அஞ்சல் அலுவலகம், ஆலயம், வீடுகள் யாவும் போயின. இன்று தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் காண்பது அந்த இரவு விட்டுச் சென்ற சுவர்களையே.

மாமா எதையும் முறையாக ஆராய்பவர். எங்கள் திண்ணையில் அமர்ந்து, பலகையில் எழுதிக் கணக்குக் கற்பிப்பது போலவே விளக்கினார். "அத்தை, நல்லாக் கேட்டுக்கோங்க. அந்த வண்டி இங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போற வண்டி. அத்தான் வர்றது அங்கிருந்து இங்கே. அதனால அந்த வண்டியிலே அவர் இருக்க வழியே இல்லை" என்றார். அவர் சொன்னதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. ஆச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "போற வண்டியாம், வர்ற வண்டியாம்! வர்ற ஆளு வண்டிக்காக அந்த டேசன்லதானே தம்பி நின்னுக்கிட்டு இருப்பான்?" என்றார். மாமா அதற்கு மேல் பேசவில்லை. தந்தி கொடுக்கலாமென்று 24ஆம் தேதி காலையில் மிதிவண்டியில் சாத்தான்குளம் போனார். கொழும்புக்குத் தந்தி எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் உறுதி கூற முடியவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதா வேண்டாவா என்பதுதான் பிறகு எழுந்த கேள்வி. இழவு வீடு என்று சொல்லவும் முடியாது. பண்டிகை வீடு என்று சொல்லவும் முடியாது. உறவினர் வந்து முற்றத்தில் நின்றார்கள். என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொன்னால் அது ஆகாத சொல்லாகிவிடும். வாழ்த்துச் சொல்லவும் நா எழாது. ஆகையால் மழையைப் பற்றிப் பேசினார்கள். கிணற்றில் நீர் ஏறியிருப்பதைப் பற்றிப் பேசினார்கள். அன்றிரவு கீதபவனியினர் எங்கள் வீட்டை எப்படிக் கடப்பது என்று தெருமுனையில் தயங்கி நின்றது எனக்குத் தெரிந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அங்கேயே அசையாமல் இருந்தது. அம்மா எழுந்து வாசலுக்குப் போய், "ஏன் நிக்கிறீங்க? வாங்க, காப்பி போட்டு வச்சிருக்கேன்" என்று அழைத்தார். வந்தார்கள். ஆர்மோனியம் இல்லாமல், தாளம் இல்லாமல், ஒரே ஒரு பாட்டுப் பாடினார்கள். ஆச்சி அறையைவிட்டு வெளியே வரவில்லை.

தம்பியின் வேண்டுகோளுக்காக அம்மா நட்சத்திரத்தையும் ஏற்றச் சொன்னார். "அப்பா ராத்திரியில வந்தா வீடு தெரியவேண்டாமா?" என்று அவன் கேட்டிருந்தான்.

காலை நான்கு மணிக்கு ஆலய மணி அடித்தது. அம்மா எங்களைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை இட்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரினார். தாமும் பெட்டியைத் திறந்து, முந்திய ஆண்டு அப்பா கொணர்ந்த சேலையை எடுத்து உடுத்தார். ஆச்சிக்கென்று அந்த ஆண்டு கருப்பட்டிக் காசில் சாத்தான்குளத்திலே ஒரு சேலை வாங்கியிருந்தது. அம்மா அதைக் கொண்டுபோய் ஆச்சியின் அருகில் வைத்தார். "அவன் வந்து சேராம எனக்கு எதுக்குட்டி கோடி?" என்றார் ஆச்சி. பழைய சேலையோடு நடந்தார். முன்னே நடக்க மகன் இல்லை. ஆதலால் என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆலயத்திலே வழக்கமாகத் தாம் அமரும் முன்வரிசைப் பாயை விட்டு, கதவோரத்தில் உட்கார்ந்தார். வெளியே வழியைப் பார்க்க அதுவே வசதியான இடம்.

ஐயரவர்கள் அன்று பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். புயலில் அகப்பட்டவர்களுக்காகவும் கடல் கடந்து இருப்பவர்களுக்காகவும் ஜெபித்தார். எங்கள் வீட்டின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா தாங்கியிருக்க மாட்டார் என்று இப்போது எண்ணுகிறேன். ஆராதனை முடிந்து வந்தபோது எங்கள் திண்ணையில் ஐந்தாறு தட்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தன. இட்டிலியும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஒன்றில். வழக்கப்படி நாங்கள் தட்டு அனுப்பவேண்டிய நாளில், தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு அனுப்பும் வீடுகளிலிருந்து தட்டு வந்திருந்தது. யார் எதை வைத்தார்கள் என்று தெரியாதபடி விட்டுப் போயிருந்தார்கள். பாத்திரங்களின் மேலே வெட்டியிருந்த எழுத்துகளைக் கொண்டு அம்மா ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, மாலையில் எங்கள் முந்திரிக்கொத்தை நிரப்பித் திருப்பி அனுப்பினார். அப்போதும் இலக்கணம் வழுவவில்லை.

புத்தாண்டு வந்தது. தந்திக்குப் பதில் இல்லை. நாசரேத்து நிலையத்துக்கு மாமா நான்கு முறை போய் வந்தார். பொங்கலுக்குச் சில நாள் முன்பு, ஜனவரி இரண்டாம் வாரத்தில், தபால்காரர் தெருமுனையிலிருந்தே மிதிவண்டி மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். அவர் இறங்குவதற்குள் கடிதம் அம்மாவின் கையில் இருந்தது. உறையின் மேலே இருந்தது அப்பாவின் எழுத்து.

கடிதத்தின் தேதியைத்தான் அம்மா முதலில் பார்த்தார். டிசம்பர் 27. அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்த மனு முடிவாகவில்லை. முடிவாகுமுன் நாட்டைவிட்டுப் புறப்பட்டால் திரும்ப நுழைவது அரிது என்று முதலாளி தடுத்துவிட்டார். இதை விளக்கி 18ஆம் தேதியே ஒரு கடிதம் எழுதினேன், அது சேர்ந்ததோ இல்லையோ என்று எழுதியிருந்தார். அந்த 18ஆம் தேதிக் கடிதம் எங்களுக்கு வரவேயில்லை. அது எந்தக் கப்பலில், எந்தப் பையில் இருந்ததோ!

அம்மா அதை முதலில் தனக்குள் படித்தார். பிறகு ஆச்சியின் அருகில் போய் உட்கார்ந்து, உரக்கப் படித்தார். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. மனுவும் சீட்டும் முதலாளியும் ஆச்சிக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. எல்லாம் கேட்டு முடித்தபின், "என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்றார். அம்மா சற்றும் தயங்காமல் தாளின் மறுபக்கத்தைத் திருப்பி, ஒரே சீராகப் படித்தார்: "அம்மா பண்டிகைக்குக் கோடி உடுத்தியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கண்ட ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோடி உடுத்து ஆலயத்துக்குப் போகவேண்டும். போனார்கள் என்று எனக்கு எழுதவும்."

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ!" என்றார்.

அன்றிரவு அக்காள் சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்துப் பார்த்தாள். தாளின் மறுபக்கத்திலே எழுத்தே இல்லை. அவள் அதை மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆச்சி சாத்தான்குளத்துச் சேலையை உடுத்துப் புறப்பட்டார். பொங்கலும் கிறிஸ்துமஸும் கடந்துபோன ஒரு வெறும் ஞாயிறு அது. ஆலயத்தில் வேறு யாரும் புதுத்துணி உடுத்தியிருக்கவில்லை. ஆச்சி நேரே முன்வரிசைப் பாய்க்குப் போய் உட்கார்ந்தார். ஏன் இந்தக் கோடி என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மகன் எழுதியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.